காற்பந்துக் குழு யாருடைய சொத்து?



கட்டுரை, இலக்கணம், தேர்வு என்று எழுதிவரும் இப்பக்கத்தில் காற்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். திங்கட்கிழமை காலையில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் நின்று கேட்டாலும் விடை கிடைத்துவிடும். ஆண்பிள்ளைகள் பேசுவது பெரும்பாலும் வார இறுதியில் நடந்த இங்கிலாந்து லீக் ஆட்டங்களைப் பற்றித்தான். அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். யார் கோல் போட்டார் என்பதைவிட, யாரை விற்றார்கள், யாரை வாங்கவில்லை, உரிமையாளர் எவ்வளவு பணத்தை எடுத்துக்கொண்டார் என்பவையே அதிகம் பேசப்படுகின்றன. "எல்லாம் ஓனர் சரியில்லை சார்" என்று பன்னிரண்டு வயதுப் பையன் சொல்கிறான். அந்த உரிமையாளரின் குடும்பப் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது!

அவன் குறிப்பிடுவது மென்செஸ்டர் யுனைடெட்டின் கிளேசர் குடும்பத்தை. அந்தக் கதை பலரும் அறிந்ததே. கடனில்லாமல் இருந்த குழுவை 2005இல் பெருங்கடன் எடுத்து வாங்கினார்கள். வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் குழுவின் தலையிலேயே கட்டினார்கள். 2011இல் அதன் பங்குகளைச் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் விற்கத் திட்டமிட்டதும், சந்தை நிலவரம் சரியில்லை என்று அது நின்றுபோய் மறு ஆண்டு நியூயார்க்கில் விற்றதும் நம் வட்டாரத்தாருக்கு நினைவிருக்கும். இதை இத்துடன் விட்டுவிடுகிறேன். அமெரிக்கப் பணக்காரரை நாம் திட்டுவது எளிது. தொலைவிலிருந்து பார்க்கிறோம், ரசிகர் பக்கம் நிற்கிறோம், நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஆனால் ஐரோப்பாவில் வேறு இரண்டு ஊர்களில் ரசிகர்களின் கோபத்துக்கு ஆளானவர்கள் நம் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில் மலேசியச் செல்வந்தர், பெர்ஜாயா குழுமத்தைத் தோற்றுவித்த டான் ஸ்ரீ வின்சென்ட் டான். ஸ்பெயினின் வாலென்சியாவில் சிங்கப்பூர்ச் செல்வந்தர் பீட்டர் லிம். இவ்விருவரும் வெளிநாட்டுக் குழுக்களை வாங்கியபோது நம் நாளேடுகள் பெருமையோடு எழுதின. நம் பிள்ளைகளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்திருக்கும். அப்பெருமையின் மறுபக்கத்தையும் அவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் கார்டிஃப். அந்தக் குழு 1908ஆம் ஆண்டு முதல் நீலச் சட்டை அணிந்து ஆடியது. அதன் செல்லப் பெயரே 'நீலப் பறவைகள்'. 1927இல் லண்டன் வெம்பிளியில் ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைக் கொண்டுபோனது. அக்கிண்ணம் இங்கிலாந்தைவிட்டு வெளியே போனது அந்த ஒரு முறைதான். பெரிய வெற்றிகள் மிகுதியாக இல்லாத குழு அது. பாட்டன் சொல்ல, தகப்பன் கேட்டு, மகனுக்குச் சொல்லும் கதையாக அந்த 1927உம் அந்த நீலமும் இருந்து வந்தன.

2010இல் மலேசிய முதலீட்டாளர்கள் வந்தார்கள். வரி நிலுவைக்காக நீதிமன்றப் படியேற வேண்டிய நிலையில் அப்போது குழு இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. டான் ஸ்ரீயின் பணம் இல்லாவிட்டால் குழுவே இருந்திருக்குமா என்பது ஐயம். அவர் தம் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொட்டினார். பிற்காலத்தில் அதில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றியும் கொடுத்தார். கிளேசர் குடும்பத்தைப் போலக் குழுவின் பணத்தைக் கொண்டு குழுவை வாங்கியவர் அல்லர் அவர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

2012 மே மாதத்தில், சட்டையின் நிறத்தை நீலத்திலிருந்து சிவப்பாக மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. ஊரே கொதித்தது. திட்டம் கைவிடப்படுவதாக நிர்வாகம் அறிவித்தது. ஆனால் ஜூன் மாதமே, நிறம் மாறும், சின்னத்தில் பறவை சிறுத்து டிராகன் பெரிதாகும் என்று அறிவித்துவிட்டார்கள். கூடவே பெரிய முதலீட்டு வாக்குறுதியும் வந்தது. சிவப்பு மங்கல நிறம், ஆசியச் சந்தையில் எடுபடும் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

ரசிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பணம் வந்தால் போதும், நிறம் எதுவானால் என்ன என்று ஏற்றுக்கொண்டவர்களும் பலர். அடுத்த பருவத்திலேயே, 2013இல், சிவப்புச் சட்டையில் இரண்டாம் நிலை லீக்கை வென்று, 1962க்குப் பின் முதன்முறையாகக் கார்டிஃப் உயர்நிலை லீக்குக்கு ஏறியது. எதிர்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் நீலச் சால்வையும் மற்றவர் சிவப்புச் சால்வையும் அணிந்து அரங்குக்குப் போன காலம் அது. ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு நிறைவேறிய நாளில்கூட முழு மனத்தோடு மகிழ முடியாமல் போனதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2013 டிசம்பர் 27ஆம் நாள், குழுவை மேலேற்றிய நிர்வாகி மால்கி மெக்காய் நீக்கப்பட்டார். 2014 மே மாதம் குழு கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கியது. அரங்கின் இருக்கைகள் காலியாயின. 2015 ஜனவரியில் நடந்த ஒரு கிண்ண ஆட்டத்துக்கு, 33,000 பேர் அமரும் அரங்கில் வந்தவர்கள் 4,200 பேர் அளவுதான். அடுத்த சில நாட்களில் நீலம் திரும்பிவிட்டது. ஒற்றுமையும் மகிழ்ச்சியும் முக்கியம் என்று தம் தாயார் எடுத்துச் சொன்னதாக டான் ஸ்ரீ தம் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். ஆயிரக்கணக்கானோர் இரண்டரை ஆண்டு கூவியும் நடக்காதது, ஒரு தாயின் சொல்லால் நடந்தது! தாய் சொல்லைத் தட்டாத மகன் என்று பாராட்டலாம். ஒரு நகரத்தின் நூறாண்டு அடையாளம், தொலைதூரத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் உரையாடலில் முடிவாக வேண்டியிருந்ததே என்று வருந்தவும் செய்யலாம். எனக்கு இரண்டும் தோன்றுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஆசியச் சந்தை' என்று சொன்னார்களே, அது யார்? நாம்தான். நம் வீட்டுத் தொலைக்காட்சி, நம் பிள்ளைகளின் சட்டைகள், நம் பணப்பை. சட்டை சிவப்பாக இருந்தால் நாம் வாங்குவோம் என்று ஒருவர் நம் பெயரால் முடிவு செய்து, அதற்காக ஒரு நகரத்தின் நீலத்தைக் கழற்றினார். கார்டிஃப் ரசிகர்களைக் கேட்கவில்லை என்பது உண்மை. நம்மையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "ஐயா, எங்களுக்கு மென்செஸ்டரும் லிவர்பூலும் போதும், அவர்களை அவர்கள் நிறத்திலேயே விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருப்போம். மலேசியாவின் பெயரையே அந்தச் சட்டையின் மார்பில் விளம்பரமாகப் பொறித்திருந்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த ஊரில் நம் நாட்டின் பெயர் எந்த உணர்ச்சியோடு வாசிக்கப்பட்டிருக்கும்!

இனி வாலென்சியா. கார்டிஃபைவிடப் பன்மடங்கு பெரிய குழு. 1919இல் தொடங்கப்பட்டது; ஸ்பெயின் லீக்கை ஆறு முறை வென்றது. 2000, 2001 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடியது. 2004இல் லீக்கையும் யூஃபா கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றது. 1923 முதல் ஆடிவரும் மெஸ்தாயா அரங்கம் செங்குத்தான இருக்கை வரிசைகளுக்குப் பெயர்போனது.

இத்தகைய குழு ஒரு தனி மனிதர் கைக்கு எப்படிப் போனது? இதைப் பிள்ளைகள் கேட்பதில்லை, பெரியவர்களும் கேட்பதில்லை. 1990ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் ஸ்பெயினின் தொழில்முறைக் குழுக்களுள் பெரும்பாலானவற்றைப் பங்கு நிறுவனங்களாக மாறச் செய்தது. அதுவரை அவை உறுப்பினர் சங்கங்கள். ரியல் மட்ரிட், பார்சிலோனா, அத்லெத்திக் பில்பாவோ, ஒசாசுனா ஆகிய நான்கு மட்டும் சங்கங்களாகவே நீடித்தன. வாலென்சியா 1992இல் பங்கு நிறுவனம் ஆயிற்று. பங்கு என்று வந்துவிட்டால் விலை என்று ஒன்று வரும். விலை வந்துவிட்டால் வாங்குபவர் வருவார். உள்ளூர்ச் செல்வந்தர்கள் மாறி மாறி ஆண்டார்கள். 2007இல் புதிய அரங்கம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். பழைய அரங்க நிலத்தை விற்று அதைக் கட்டி முடிப்பது திட்டம். நிலச் சந்தை சரிந்தது. 2009 பிப்ரவரியில் வேலை நின்றது. நகரத்தின் நடுவே சிமெண்டு எலும்புக்கூடாக அது நின்றுவிட்டது. குழுவோ கடனில் மூழ்கியது. மாநில அரசின் உத்தரவாதத்தில் வங்கிக் கடன் பெற்று, குழுவின் அறக்கட்டளை பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அந்தக் கடனையும் கட்ட முடியவில்லை.

2014இல் பீட்டர் லிம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பங்கை 94 மில்லியன் யூரோவுக்கு வாங்கினார். மீன் வியாபாரியின் மகனாகப் பிறந்து, பங்குத் தரகராகி, தம் உழைப்பால் உயர்ந்தவர் அவர். வாலென்சியா ரசிகர்கள் அவரை மாலை போடாத குறையாக வரவேற்றார்கள். அரங்க வாசலில் கூடிக் கொண்டாடினார்கள். இதையும் மறைக்கக் கூடாது. ஆகவே, 'அயல்நாட்டார் வந்து பறித்துக்கொண்டார்' என்ற கதை உண்மையில்லை. உள்ளூர்க்காரர்கள் சீரழித்த குழுவை அயல்நாட்டார் விலைகொடுத்து வாங்கினார். உள்ளூர் மக்கள் நம்பிக்கையோடு கொடுத்தார்கள்.

நம்பிக்கை கெட்டது படிப்படியாக. முதல் பருவத்தில் நான்காம் இடம். இரண்டாம் பருவத்தின் நடுவில், தலைமைப் பயிற்றுநராக ஒரு நாளும் பணியாற்றியிராத கேரி நெவிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்பானிய மொழி அறியாதவர் அவர். உரிமையாளருக்கோ நண்பர், தொழிலிலும் கூட்டாளி. 2016 பிப்ரவரியில் பார்சிலோனாவிடம் 0-7 தோல்வி. மார்ச்சில் அவர் வெளியேற்றப்பட்டார். ஆசிரியர்களாகிய நாம் இதனை எளிதில் புரிந்துகொள்வோம். பாடம் நடத்தியே பழக்கமில்லாத ஒருவரை, நிர்வாகத்துக்கு வேண்டியவர் என்பதற்காக, பருவத்தின் நடுவில் தேர்வு வகுப்புக்கு அனுப்பியதற்கு ஒப்பானது அது. நெவில் நல்ல மனிதர், காற்பந்தை நுட்பமாக அலசக்கூடியவர். அவரை அந்த இடத்தில் வைத்ததுதான் தவறு.

இருந்தும் ரசிகர்கள் பொறுத்தார்கள். 2017இல் மார்செலினோ பயிற்றுநராக வந்தார். நிர்வாகத்தை மாத்தேயு அலெமானி கவனித்தார். இரண்டு முறை நான்காம் இடம் கிடைத்தது. 2019 மே 25ஆம் நாள், குழுவின் நூற்றாண்டில், பார்சிலோனாவை 2-1 என வென்று அரசர் கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பருவம் தொடங்கி மூன்றே ஆட்டங்கள் முடிந்த நிலையில், மார்செலினோ நீக்கப்பட்டார். நவம்பரில் அலெமானியும் போய்விட்டார். தோற்றவரை நீக்கினால் வருத்தம் வரும், வென்றவரை நீக்கினால்? என் கணிப்பில் வாலென்சியா ரசிகர்களின் மனம் உடைந்தது அந்தச் செப்டம்பரில்தான். அதுவரை 'தெரியாமல் செய்கிறார்கள்' என்று எண்ணியவர்கள், அதன்பின் 'எங்களைப் பொருட்படுத்தாமல் செய்கிறார்கள்' என்று எண்ணத் தொடங்கினார்கள்.

2020 கோடையில் குழுத்தலைவர் பாரெஹோ, அண்டை ஊர்க் குழுவான வியாரியாலுக்கு விலையின்றிப் போனார். சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த இளைஞர் ஃபெரான் டோரஸ் மென்செஸ்டர் சிட்டிக்குப் போனார். வேறு பலரும் விற்கப்பட்டார்கள். அந்தக் கோடையில் புதிதாக ஒருவர்கூட வாங்கப்படவில்லை. அதன் பிறகு வந்த பருவங்களில், சாம்பியன்ஸ் லீக் கனவு கண்ட அரங்கம், கீழிறங்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்ளும் அரங்கமாயிற்று. 2022-23 பருவத்தில் 16ஆம் இடம். கடைசி நாள்வரை உயிர் ஊசலாடியது. இடையில், சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்டுத் தலைவராக இருந்த அனில் மூர்த்தி, கசிந்த ஒலிப்பதிவுகள் எழுப்பிய புயலில் 2022 மே மாதம் நீக்கப்பட்டார். 2025 மார்ச்சில் லிம்மின் மகன் கியட் லிம் தலைவரானார். 2009இல் நின்ற அரங்கக் கட்டுமானம் 2025 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. அது நல்ல செய்திதான். ஆனாலும் பதினாறு ஆண்டுகள்! முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பல்கலைக்கழகத்தை முடித்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவே உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் மெஸ்தாயா பக்கம் வரவில்லை. கேட்பார் இல்லை, பதில் சொல்வார் இல்லை. ரசிகர்கள் இருக்கைகளைக் காலியாக விட்டு வெளியே நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். ஒரு ரசிகனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை, தனக்குத் தானே கொடுத்துக்கொள்வது, வேறில்லை. 2024 அக்டோபரில், சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்த வாலென்சியா ரசிகர் ஒருவர், லிம்முக்கு எதிரான வாசகம் எழுதிய மஞ்சள் துணியை அங்கே காட்டிப் படமெடுத்துப் பரப்பினார். காவல்துறை அவருடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டு விசாரித்தது. சில நாட்களுக்குப் பின் ஊர் திரும்ப விட்டது. சிங்கையின் சட்டம் நாம் அறிந்ததே. அனுமதியில்லாமல் அங்கே துணி பிடிக்க முடியாது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து ஒருவர் துணி பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால், அவருடைய ஊரில் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

'அவர் பணம், அவர் குழு, அவர் விருப்பம். பிடிக்காவிட்டால் வேறு குழுவை ஆதரி' என்று நம்மில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். படித்தவர்களும் சொல்கிறார்கள். நாசி லெமாக் கடையில் சம்பல் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். அது வாடிக்கையாளர் உறவு. காற்பந்து ரசிகன் அப்படிப் போக முடிந்தால் அவன் ரசிகனே அல்லன். வாலென்சியாவில் பிறந்தவர், அதே ஊரில் ஆடும் லெவான்தேக்கு நாளை மாறிவிட முடியுமா? உரிமையாளருக்கும் அது தெரியும். எவ்வளவு மோசமாக நடத்தினாலும் இவர்கள் போகமாட்டார்கள் என்பதால்தான் அந்தப் பங்குக்கே விலை. ஆகவே ரசிகனின் பற்று, விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படாமலே விற்கப்பட்ட பொருள். அதற்காக அவனுக்கு ஒரு காசும் வரவில்லை. ஒரு வாக்கும் கிடைக்கவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. தோட்டப்புறப் பள்ளிகள் நின்ற நிலம் தோட்ட நிறுவனத்துடையது. கொட்டகை கட்டியதும், வாங்கு மேசைக்குக் காசு சேர்த்ததும், சரசுவதி பூசைக்குத் தோரணம் கட்டியதும் தோட்ட மக்கள். தோட்டத் துண்டாடல் வந்தபோதும், பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், பத்திரத்தில் யார் பெயர் இருந்ததோ அவரைத்தான் கேட்டார்கள். விடுதலையின்போது 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல். எல்லாம் அதனால்தான் என்று சொல்லமாட்டேன். மாணவர் குறைந்ததும் காரணம். எனினும், சட்டப்படி உரிமை ஒருவருக்கும் உண்மையில் பற்று வேறொருவருக்கும் இருக்கும்போது என்ன நேரும் என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். வாலென்சியாக்காரர்களின் குமுறல் 'பணக்கார நாட்டவரின் விளையாட்டுப் புலம்பல்' என்று நமக்குத் தோன்றக் கூடாது.

அதே வேளை, அவர்களுடைய முழக்கத்தில் ஒன்று எனக்கு உடன்பாடில்லை. 'லிம், வீட்டுக்குப் போ' என்று ஆங்கிலத்தில் எழுதி, அரங்கெங்கும் பிடிக்கிறார்கள். மெஸ்தாயாவுக்கே வராத ஒருவரைத் திரும்பிப் போகச் சொல்வது எப்படி என்று வேடிக்கையாகக் கேட்கலாம். வேடிக்கையை விட்டுப் பார்த்தால், 'உன் நாட்டுக்குத் திரும்பிப் போ' என்ற சொல் நம் காதில் எப்படி விழும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. பலர் அதை 'பங்கை விற்றுவிட்டுப் போ' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் 2023 மே மாதம் அதே அரங்கில்தான் ரியல் மட்ரிட் ஆட்டக்காரர் வினிசியுஸ் நிறத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டார். மூவருக்கு நீதிமன்றம் மறு ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நியாயமான கோபத்தின் நிழலில் இத்தகையவையும் வந்து ஒதுங்கிக்கொள்ளும். உரிமையாளர் எந்த இனம், எந்த நாடு என்பது வழக்கிலேயே வரக் கூடாது. அவருக்கு முன்பிருந்த உள்ளூர்க்காரர்களும் கெடுத்தார்கள் அல்லவா? என்ன செய்தார், யாரைக் கேட்டுச் செய்தார் என்பவை மட்டும் கேள்வியாக இருக்கட்டும்.

தீர்வு உண்டா? ஜெர்மனியில், குழுவின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. லெவர்குசன், வுல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சங்கமாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. உறுப்பினர்களுக்குச் சொந்தமான பார்சிலோனா நூறு கோடி யூரோவுக்கு மேல் கடனில் விழுந்து, 2021இல் மெஸ்ஸியையே கண்ணீரோடு அனுப்பிவைத்ததே! வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களும் வீண்செலவு செய்வார்கள். ஆனால் அங்கே அடுத்த தேர்தல் என்று ஒன்று உண்டு.

எனக்கு நம்பிக்கை தந்தது பிரிட்டனில் 2025 ஜூலையில் நிறைவேறிய காற்பந்து நிர்வாகச் சட்டம். குழுக்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றை அது ஏற்படுத்துகிறது. அதில் ஒரு பிரிவை வாசித்தபோது கார்டிஃபை நினைத்துக்கொண்டேன். குழுவின் சின்னத்தையோ சொந்த அரங்கில் அணியும் சட்டையின் நிறத்தையோ பெரிதாக மாற்ற வேண்டுமானால், ரசிகர்களுள் பெரும்பான்மையோர் அதை ஆதரிக்கிறார்கள் என்பதை உறுதிசெய்ய வேண்டும். அந்த ரசிகர்கள் என்போர் உள்நாட்டு ரசிகர்கள். கடல் கடந்து தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு வாக்கில்லை. சரியான முடிவு என்றே சொல்வேன். மழையிலும் குளிரிலும் போய் நிற்பவனுடைய நிறத்தை அவனே முடிவு செய்யட்டும். இந்தச் சட்டம் 2012இல் இருந்திருந்தால் மலேசியாவின் பெயர் கொஞ்சம் காப்பாற்றப்பட்டிருக்கும். கார்டிஃப் இன்னும் டான் ஸ்ரீயிடம்தான் இருக்கிறது. 2025இல் அது, 2003க்குப் பின் முதன்முறையாக மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கியது. நீலச் சட்டையில்தான் இறங்கியது.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் காற்பந்து பேசும்போது 'படிப்பைப் பார்' என்று வாயடைக்காதீர்கள். கார்டிஃப் கதையை ஒரு கருத்தாடல் தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். 'கடனிலிருந்து காப்பாற்றியவருக்கு நிறத்தை மாற்றும் உரிமை உண்டா?' இரு பக்கமும் பேசுவதற்குச் சரக்கு உண்டு. உரிமை, பொறுப்பு, பற்று என்ற சொற்களின் பொருள் வேறுபாட்டை நம் வழக்கமான எடுத்துக்காட்டுகளைவிட இது நன்றாக விளக்கும்.

அப்படியே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு ஒன்று இருந்தது. 2018இல் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடி, 2019இல் சூப்பர் லீக்குக்கு ஏறியது. ஏறும்போது பெயர் மாறிப் பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆயிற்று. கிளானா ஜெயாவிலுள்ள எம்.பி.பி.ஜே. அரங்கில் ஆடியது. 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. பெயர் மாறியபோதும் யாரும் துணி பிடிக்கவில்லை, விலகியபோதும் பிடிக்கவில்லை. வாலென்சியாவில் ஒரு பயிற்றுநரை நீக்கியதற்கு ஊரே எழுந்தது. இங்கே குழுவே போனது; மறுநாள் திங்கட்கிழமைப் பேச்சில்கூட அது வரவில்லை. நம் மாணவர்களுள் எத்தனை பேருக்கு அப்படி ஒரு குழு இருந்ததே தெரியும் என்று வகுப்பில் கேட்டுவிட்டு, கிடைத்த விடையைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.